முனியாண்டி கோயிலில் மூன்றாவது போத்தல்

"புவான், இந்தப் போத்தல்கள் எல்லாம் எதற்கு?"

'அம்மா' என்று மரியாதையாக அழைத்து மலாயில் கேட்டவர் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த பெண் ஆடிட்டர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். தலையில் வெளிர்நீலத் துணி, காலில் சேறு அப்பிய பூட்ஸ், கையில் தடித்த கோப்பு. நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஈப்போவை அடுத்த செமோருக்கு அந்தப் பக்கம், சண்முகம் அண்ணனின் செம்பனைக் காட்டு எல்லையில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு முன்னால்.

கோயில் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான்கு கம்பம், தகரக் கூரை, ஒரு சூலம், எலுமிச்சை குத்திய அரிவாள், அவ்வளவுதான். சூலத்தின் அடியில் பாதி எரிந்த சுருட்டு கிடந்தது. பக்கத்தில் மூன்று கறுப்பு பீர் போத்தல்கள்.

"சாமிக்குப் படையல். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்கள் பகிர்ந்துகொள்வார்கள்," என்றேன்.

"மூன்றும் ஒரு சாமிக்கா?"

"எங்கள் சாமிக்கு வேலை அதிகம். இத்தனை ஏக்கருக்கும் காவல் அவர் ஒருவர்தானே."

ஆடிட்டர் சிரித்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. காலையிலிருந்து அவர் முகத்தில் சிரிப்பை வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பக்கத்தில் நின்ற சண்முகம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. ஆடிட்டர் வந்த பயம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த காட்டுக்கு நடந்தேன்.

இந்தத் தொடரில் ஆலை மேலாளரோடு போட்ட சண்டையை எழுதினேன். கணவர் இறந்த வருடத்தை எழுதினேன். எதற்கும் கை நடுங்கியதில்லை. இந்த வாரம் மட்டும் எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். மூன்றாவது முறை எழுந்தபோது துவைத்த துணியையே மறுபடியும் ஊறவைத்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

சாக்குருவிக்கு வீடு

புதிதாக வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. எங்கள் தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்ற காலத்தில், கையில் இருந்ததைப் புரட்டி ஆளுக்குச் சில ஏக்கர் வாங்கிக்கொண்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். அப்போது ரப்பர். பிறகு எல்லோரும் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறினார்கள். நான் செம்பனை ஆலையின் சோதனைக்கூடத்தில் எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தவள். வேலையை விட்ட பிறகு, ஆலைக்காரர்களே என்னைக் கூப்பிட்டு ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். சிறு விவசாயிகளை ஒரு குழுவாகச் சேர்க்க வேண்டும்.

எண்ணெய் வாங்குகிறவர்கள், அந்தப் பழம் எப்படி விளைந்தது என்று கேட்கத் தொடங்கியிருந்த நேரம். ஆகவே தொழிலில் இருப்பவர்கள் தாங்களாகவே உட்கார்ந்து ஒரு நடைமுறையை எழுதினார்கள். அரசாங்கச் சட்டம் இல்லை, அபராதம் இல்லை. பிடித்தவர் கையெழுத்துப் போடலாம். போட்டால், மண்ணை மொட்டையாக்காமல் மரங்களுக்கு இடையே மெல்லிய புல்லை விட்டுவைக்க வேண்டும். வெட்டிய மட்டைகளைச் சரிவில் குறுக்கே அடுக்க வேண்டும். மருந்து அடித்தால் நோட்டில் எழுத வேண்டும். எலிக்கு விஷம் வைக்காமல் ஆந்தை வளர்க்க வேண்டும். பதிலுக்கு, ஆடிட்டர் வந்து பார்த்துத் தரும் சான்றிதழ், நல்ல விலை, ஆலை வாசலில் முதல் வரிசை.

"கட்டாயம் இல்ல. விருப்பம் இருந்தா வாங்க," என்று வீடு வீடாகச் சொல்லி என் தொண்டை வறண்டது.

ஆந்தைதான் முதல் இடி. கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்தால் அது தானாக வந்து குடியேறும், எலியைப் பிடிக்கும் என்று விளக்கினேன். சண்முகம் அண்ணன் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் தனம், ஊரு உலகமே சாக்குருவி கத்துனா கல்லெடுத்து வெரட்டுது. நீ அதுக்கு வீடு கட்டிக் குடுக்கச் சொல்றியா?"

"அக்கா, அது கத்துறது எலிக்குத்தான். உங்களுக்கு இல்ல."

"எனக்குன்னு கத்துனா?"

"அப்ப நான் வந்து பதில் சொல்றேன்."

ஆறு மாதத்தில் எலி கடித்த குலைகள் குறைந்தன. அதே அக்கா, ஆந்தைக் குஞ்சுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, "எங்க வீட்டுப் புள்ளைங்க" என்று எழுதினார். அந்த நாட்களில் நான் தரையில் நடக்கவில்லை.

ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு முள்ளும் இருந்தது. எங்களுக்குக் கிடைப்பது தனித்தனிச் சான்றிதழ் அல்ல. முப்பத்துச் சொச்சம் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே தாள். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் போகும்.

அந்த மருந்து

தவறுகளிலேயே பெரிய தவறு ஒரு புல் மருந்து. பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். காலையில் அடித்தால் மறுநாளே புல் கருகிக் கிடக்கும். அரசாங்கம் தடை போடுவதற்கு முன்பே எங்கள் குழு அதைக் கைவிட்டது. கைவிட வைத்தவள் நான்.

என் அம்மா தோட்டத்தில் மருந்து அடிக்கும் கும்பலில் இருந்தவர். முதுகில் பம்பு, காலில் வெறும் சிலிப்பர். வலது கைக் கட்டை விரலில் அவருக்கு நகமே கிடையாது. சோறு பிசையும்போது அந்த விரலை மட்டும் மடக்கிக்கொள்வார். எங்கள் தட்டில் பட்டுவிடக் கூடாதாம்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் வரிசை வீடுகளில், அந்த லயத்தில், ஒருவர் அதைத் தெரியாமல் குடித்துவிட்டார். யாரோ தேத்தண்ணி போத்தலில் ஊற்றி வைத்திருந்தார்கள். அன்று சாயந்திரம் அவர் வாசலில் உட்கார்ந்து நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். வாய் எரிகிறது என்று மட்டும் சொன்னார். எங்களோடு கேலி கூடப் பேசினார். மறுநாளும் பேசினார். பிறகு மூச்சு விட முடியாமல் பல நாட்கள் கிடந்து போனார். முதல் நாள் ஒன்றும் தெரியாது என்பதுதான் அந்த மருந்தின் குணம். இது என் மனதில் அன்றே பதிந்துவிட்டது.

அதனால்தான் குழுவில் நான் அவ்வளவு கடுமை. யார் வீட்டு ஸ்டோரையும் கேட்காமல் திறப்பேன், கட்டிலுக்கு அடியில் குனிவேன், போத்தலை மோந்து பார்ப்பேன். எனக்குப் 'போலீஸ்காரி' என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஆடிட்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு குழு வாட்ஸ்அப்பில் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். "யாரு வீட்டுலயாவது அந்த மருந்து ஒரு சொட்டு இருந்துச்சுன்னு வைங்க, அந்த ஆளு மொகத்துல செத்தாலும் முழிக்க மாட்டேன். முப்பது குடும்பத்து வயித்துல அடிச்ச பாவம் ஒங்களுக்குத்தான். சொல்லிட்டேன்."

இருந்தால் என்னிடம் கொண்டுவந்து கொடுங்கள் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை.

என் தம்பி ரவிக்கும் ஒரு உத்தரவு போட்டேன். ரவி எனக்கு எட்டு வயது இளையவன், லோரி ஓட்டியவன், குடியால் அந்த வேலையை விட்டவன். எங்கள் காட்டிலும் பக்கத்துக் காடுகளிலும் குலை வெட்டிக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன், ஆனால் பூட்ஸ் போட மாட்டான். சிலிப்பரோடு, கழுத்தில் போனைத் தொங்கவிட்டுப் பாட்டு வைத்துக்கொண்டுதான் வேலை. ஆடிட் அன்று காலையில் அவனை வழியில் பார்த்தேன்.

"ஆடிட் முடியற வரைக்கும் எங்கயாச்சும் போய்த் தொலை. என் கண்ணுலயே படாத. அந்தப் போனையும் அடச்சு வை."

"சரி லா, போலீஸ்காரம்மா," என்று சல்யூட் அடித்துவிட்டுப் போனான்.

குழாயடியில்

மதியம் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் இலை போட்டுச் சாப்பாடு. எல்லா உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். மூன்று மணிக்கு முடிவுக் கூட்டம். அதன் பிறகு ஆடிட்டர் கோலாலம்பூர் திரும்புவார். ஆலையிலிருந்து வந்திருந்த அதிகாரி என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நான் கை கழுவக் குழாயடிக்குப் போனேன். சண்முகம் அண்ணன் பின்னாலேயே வந்தார்.

"தனம், கொஞ்சம் இப்படி வாயேன்."

"என்னண்ணே? உங்க காட்டைப் பத்தி ஆடிட்டர் நல்லபடியாத்தான் எழுதியிருக்கு. சும்மா இருங்க லா."

"அது இல்லம்மா. பழைய மருந்து கொஞ்சம் கெடந்துச்சு. வீட்டுல வச்சா நீ பாத்துருவ. ஆத்துல ஊத்தவும் மனசு வரல. சாமிகிட்ட யாரு போய்த் தேடப் போறாங்கன்னு..."

"சாமிகிட்டன்னா?"

"பீர் போத்தல்ல ஊத்தி மூடி போட்டு வச்சிட்டேன். ஆடிட்டர் கெளம்புனதும் எடுத்துரலாம்னு."

குழாய்த் தண்ணீர் என் கையில் விழுந்துகொண்டே இருந்தது. காலையில் நானும் ஆடிட்டரும் பேசிச் சிரித்த அந்த மூன்று போத்தலில் ஒன்று.

"இப்ப எடுங்கண்ணே. வாங்க, போலாம்."

என் காரில் போனோம். மண்பாதையில் கார் குதித்தது. கோயிலுக்கு முன்னால் நிறுத்தி, செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடினேன்.

சூலத்தின் அடியில் இரண்டு போத்தல்கள்தான் இருந்தன.

அண்ணன் இரண்டையும் தூக்கி மூடியைப் பார்த்தார். இரண்டும் கடையில் வாங்கி வந்தபடியே மூடியிருந்தன. அவர் வைத்ததுதான் இல்லை.

"யாருண்ணே வந்தா இங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலையில நீங்கல்லாம் அடுத்த காட்டுக்குப் போனீங்களே, அப்ப ரவி இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தான். போடான்னு சொல்லலாம்னுதான் நெனைச்சேன். சொன்னா ஏன்னு கேப்பான்னு விட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் சாமி போத்தலைத் தூக்குகிறவன் எங்கள் வட்டாரத்தில் ஒரே ஆள். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான்.

சத்தம் போடாமல்

இனி எழுதப்போவதை மட்டமாகவோ உயர்வாகவோ ஆக்காமல் நடந்தபடி எழுதுகிறேன்.

நான் சண்முகம் அண்ணனிடம் சொன்னது இது. "சத்தம் போடாதீங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. மூணு மணிக்கு அந்தம்மா போயிரும். நான் தேடிக்கிறேன்."

அவரை மண்டபத்தில் இறக்கிவிட்டேன். உள்ளே முப்பது குடும்பத்து ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அந்தக் காட்டின் சந்து பொந்து தெரியும். ஒரு குரல் கொடுத்தால் போதும். நான் காரைத் திருப்பிக்கொண்டு தனியாகப் போனேன்.

ரவியின் போனுக்கு அடித்தேன். நீங்கள் அழைத்த எண் இப்போது கிடைக்கவில்லை என்று மலாயில் ஒரு பெண் குரல் அமைதியாகச் சொன்னது. அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் பூட்டு. செமோர் கோப்பிக் கடைக்குப் போனேன். கடை முதலாளி தவுக்கே கையை விரித்தார். மறுபடியும் போன் அடித்தேன். அதே பெண், அதே அமைதி. போனை அடைத்து வைக்கச் சொன்னது நானேதான்.

எதிரே வந்த ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் அவன்தான் என்று தோன்றியது, பக்கத்தில் வந்தால் வேறு யாரோ. லயத்தில் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அந்த மனிதர் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தார். அவர் முகத்தில் ரவியின் மீசை இருந்தது.

அப்போது மனம் ஒரு கணக்குப் போட்டது. முதல் நாள்தான் ஒன்றும் தெரியாதே. மூன்று மணிக்கு ஆடிட்டர் போய்விடுவார். அதற்குப் பிறகு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் இருக்கும். அந்த விஷம் நிமிடத்துக்கு நிமிடம் உள்ளே இறங்கும் என்று அதே மனதுக்குத் தெரியும். கூட்டங்களில் அதைச் சொல்லித்தான் மற்றவர்களை நான் பயமுறுத்துவேன். தெரிந்துகொண்டே அந்தக் கணக்கைப் போட்டேன்.

நாற்பது நிமிடம் அப்படிச் சுற்றினேன். காரில் மணி இருந்தது, பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

மண்டபத்துக்குத் திரும்பியபோது ஆடிட்டர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஒரு தாளை நீட்டினார். மூன்று மணி வரை காத்திருக்க வேண்டாம், எல்லாம் சரியாக இருக்கிறது, குழுத் தலைவி கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றார். தாளில் மலாயில் ஒரு வரி. தடை செய்யப்பட்ட மருந்து எதுவும் எங்கள் உறுப்பினர்களின் கையில் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.

பேனாவை வாங்கினேன். கடைசி வரிசையில் சண்முகம் அண்ணன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சோற்றில் கை வைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பியைக் காணோம்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். "ரவியைக் காணோம்! முனியாண்டி கோயில்ல இருந்த போத்தல்ல அந்த மருந்து இருந்திச்சு. அவன்தான் எடுத்திருக்கான். எல்லாரும் வாங்க, தேடுங்க!"

ஆடிட்டருக்குத் தமிழ் தெரியாது. நாற்காலிகள் கவிழ்ந்ததும், சாப்பிட்ட கையோடு ஆண்களும் பெண்களும் வெளியே ஓடியதும் அவருக்குப் புரிந்திருக்கும்.

மட்டைக் குவியல்

பத்து நிமிடம் ஆகவில்லை. "இங்க, இங்க!" என்று சண்முகம் அண்ணன் மனைவியின் குரல் கேட்டது.

கடைசிக் காட்டில், ஆந்தைப் பெட்டிக் கம்பத்துக்குக் கீழே அடுக்கியிருந்த மட்டைகளின் மேல் ரவி மல்லாந்து கிடந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு சிலிப்பர் கழன்று கிடந்தது. என் கால்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன. போய்த் தொடப் பயமாக இருந்தது. அந்த அக்காதான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ரவி கண்ணைத் திறந்தான். தன்னைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தான்.

"ஆடிட் முடிஞ்சிருச்சா?" என்றான்.

நான் அவன் கன்னத்தில் அறைந்தேன். பிறகு அவன் வாயைப் பிடித்துத் திறந்து, மாட்டைப் பார்ப்பதுபோல் நாக்கைப் பார்த்தேன்.

"போத்தல் எங்கடா? குடிச்சியா? சாமி போத்தல்! எவ்வளவு குடிச்ச?"

"குடிக்கல அக்கா."

"பொய் சொல்லாத!"

"சத்தியமா இல்ல லா. தெறந்தேன். நாத்தம் அடிச்சிச்சு, பழசாப் போச்சுன்னு நெனைச்சேன். மூக்கைப் புடிச்சிக்கிட்டு ஒரு மடக்கு அடிக்கலாம்னு தூக்குனேன். அப்ப மண்டபத்துக்குத் திரும்புற உங்க வேன் வந்திருச்சு. குடிக்கிறதை அந்த ஆடிட்டரம்மா பாத்தா உனக்குத்தான் கெட்ட பேருன்னு கோயிலுக்குப் பின்னால ஓடி அத்தனையும் புல்லுல ஊத்திட்டேன். போத்தலைப் பள்ளத்துல வீசிட்டேன். நீதான கண்ணுல படாதன்ன. அதான் இங்க வந்து படுத்துட்டேன்."

அந்த வேனில் நான் இருந்தேன். அவன் போத்தலை வாய்க்குத் தூக்கியபோது இருபது அடி தள்ளி, ஆடிட்டருக்கு ஆந்தையின் அருமையை விளக்கிக்கொண்டு போனேன். அவன் நின்ற பக்கம் நான் திரும்பவே இல்லை.

கேட்டவர்கள் எல்லோரும் கடவுளே என்று பெருமூச்சு விட்டார்கள். எனக்கு மூச்சு வரவில்லை. குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று ரவி என்னிடம் செய்யாத சத்தியமா?

கருகிய புல்

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சோதித்தார்கள். பயப்படும்படி எதுவும் தெரியவில்லை, எதற்கும் ஒரு நாள் இருக்கட்டும் என்றார்கள். ரவி கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரரோடு பந்தாட்டம் பேசிக்கொண்டிருந்தான். லயத்து மனிதரும் இப்படித்தான் பேசினார்.

சண்முகம் அண்ணன் வராந்தா நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏண்ணே, எங்கிட்டக் குடுத்திருக்கலாமே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எடுத்துட்டுப் போயிருக்க மாட்டேனா?"

"உனக்குப் பயந்துதாம்மா அங்க வச்சேன்," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் வாங்க என்று சொல்லிச் சேர்த்தவள் நான். சேர்ந்தவர்களை நடுங்க வைத்ததும் நான்தான்.

மறுநாள் பொழுது விடிந்ததும் முனியாண்டி கோயிலுக்குப் போனேன். ரவி சொன்னது உண்மையென்றால் கோயிலுக்குப் பின்னால் புல் கருகியிருக்க வேண்டும். அவன் குடித்திருந்தால் பச்சையாக இருக்கும். மூன்று வருடமாகப் புல்லைக் கொல்லாதீர்கள் என்று ஊரெல்லாம் கத்தியவள், ஒரு கைப்பிடிப் புல்லாவது செத்திருக்க வேண்டும் என்று சாமியிடம் கெஞ்சிக்கொண்டே நடந்தேன். கோயிலைச் சுற்றித் திரும்பும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தேன். ஒரு பாய் அகலத்துக்குப் புல் பழுப்பாகச் சுருண்டு கிடந்தது. நடுவில் சுத்தமாகக் கருகியிருந்தது. பள்ளத்தில் காலிப் போத்தல் கிடந்தது. அத்தனையும் இங்கேதான் ஊற்றியிருக்கிறான். அந்த ஈர மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். செத்துப்போன புல்லுக்கு முன்னால் அப்படி அழுத ஒரே செம்பனைக்காரி நானாகத்தான் இருப்பேன்.

கேள்வி கேட்காத நாள்

சான்றிதழ் அந்த முறை கிடைக்கவில்லை. ஆடிட்டர் எழுதத்தான் வேண்டும், எழுதினார். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "நீங்களாக வந்து சொன்னீர்கள், அதையும் எழுதியிருக்கிறேன்," என்றார். சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். இரண்டு குடும்பம் குழுவை விட்டுப் போனது. மாதங்கள் கழித்து மறுபடியும் சோதனை நடந்து தாள் வந்தபோது, அவர்களில் ஒரு குடும்பம் மட்டும் திரும்பி வந்தது.

இப்போது வருடத்தில் ஒரு நாள் வைத்திருக்கிறோம். வீட்டில் எந்தப் பழைய மருந்து இருந்தாலும் மண்டபத்துக்குக் கொண்டுவந்து வைக்கலாம். யார், எவ்வளவு, எப்போது வாங்கியது என்று ஒரு கேள்வி கிடையாது. முறைப்படி அழிக்கிறவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். முதல் வருடமே மேசை நிறைந்துவிட்டது. சாஸ் போத்தல், தண்ணீர்ப் போத்தல், நல்லெண்ணெய்ப் போத்தல். நான் போலீஸ் வேலை பார்த்த அத்தனை வீட்டிலும் அவை இருந்திருக்கின்றன. அடுப்படியில், அரிசி டின்னுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே.

முனியாண்டிக்கு இப்போது யாரும் போத்தல் வைப்பதில்லை. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் திறந்து கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைக்கிறார்கள். ரவி குடியை விட்டுவிட்டான் என்று எழுத ஆசைதான். விடவில்லை, குறைத்திருக்கிறான். பூட்ஸ் போடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அன்று அவன் என்னிடம் ஒன்று கேட்டான்.

"எப்பக்கா உனக்குத் தெரிஞ்சிச்சு?"

"மண்டபத்துலதான். தெரிஞ்ச அந்த நிமிசமே எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்டா."

அவன் கண் கலங்கியது. அதை நம்பினான். இன்றும் கோப்பிக் கடையில் புதிதாக யார் உட்கார்ந்தாலும் அந்தக் கதையைச் சொல்கிறான். "எங்கக்கா ஒரு செகண்டு கூட யோசிக்கல மச்சான். சர்ட்டிபிகேட்டத் தூக்கிப் போட்டுட்டு என்னையத் தேடி ஓடி வந்திச்சு." நான் பக்கத்தில் இருந்தால் கோப்பியைக் குடித்துக்கொண்டே கேட்பேன். உண்மை தெரிந்தவர் சண்முகம் அண்ணன் ஒருவர்தான். அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பது அவர் எனக்குச் செய்யும் உபகாரமா தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பத்திரிகை செமோருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறது. ரவி வாரம் தவறாமல் வாங்குகிறான். என் பக்கத்தைக் கடையில் இருப்பவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவது அவன் வழக்கம். இதையும் அப்படித்தான் வாசித்துக்கொண்டு வருவான். இந்த இடத்துக்கு வரும்போது அவன் குரல் என்ன ஆகும் என்று நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாற்பது நிமிடம், ரவி. நான் மணியைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.